43 கோரிக்கைகள், மூன்று நிரலர்கள்: எதை முதலில் எடுப்பது?

அரைப்புள்ளி:

நூலகங்களுக்கு மென்பொருள் செய்யும் சிறிய குழு எங்களுடையது. நூல் வழங்கல், திரும்பப் பெறல், உறுப்பினர் பதிவு, தேடல், தாமதக் கட்டணம்: இப்போதைக்கு அதில் இவ்வளவுதான் உண்டு. 14 நூலகங்கள் பயன்படுத்துகின்றன. வழங்கல் மேசையில் உட்கார்ந்து அன்றாடம் இதைத் திறக்கிற ஊழியர்கள் 60 பேர் இருப்பார்கள். நிரல் எழுத மூன்று பேர். எதை அடுத்துச் செய்வது என்று சொல்லும் பொறுப்பு ஆறு மாதத்துக்கு முன் என் தலையில் விழுந்தது. அதற்கு முன் நானும் நிரலர்தான். இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அப்போது நான் பேசியதையெல்லாம் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கையில் 43 கோரிக்கைகள். நிரலர்கள் சொன்ன மதிப்பீடுகளைக் கூட்டினால் 190 வார உழைப்பு வருகிறது. அடுத்த நான்கு மாதத்தில் மூன்று பேரிடமிருந்து கிடைப்பது, மிஞ்சிப்போனால், 48 வாரம். ஆக நான்கில் மூன்று பங்குக்கு இப்போது இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

இல்லை என்று சொல்ல ஓர் ஆதாரம் வேண்டுமே என்று ரைஸ் முறையில் அட்டவணை போட்டேன். இன்டர்காம் நிறுவனத்தில் பிறந்த முறை. தெரியாதவர்களுக்காக: எத்தனை பேரைத் தொடும், தொட்டவருக்கு எவ்வளவு உதவும், நம் கணிப்பில் நமக்கே எவ்வளவு நம்பிக்கை, இம்மூன்றையும் பெருக்கி, ஆகும் உழைப்பால் வகுக்க வேண்டும். வந்த விடையைப் பாருங்கள். திரையைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றும் வசதி: 60 பேர், உதவி 0.5, நம்பிக்கை 100 சதவீதம், ஒரு வார வேலை. மதிப்பெண் 30. இணைய இணைப்பு அறுந்தாலும் நூல் வழங்கும் வசதி: இணைப்பு அடிக்கடி அறுகிற நான்கு நூலகங்களின் 16 பேர், உதவி 3, நம்பிக்கை 80 சதவீதம், பத்து வார வேலை. மதிப்பெண் 3.84. கறுப்புத் திரை கிட்டத்தட்ட எட்டு மடங்கு முக்கியம் என்கிறது கணக்கு. அது பொய் என்று எனக்குத் தெரிகிறது. பொய் எந்த இடத்தில் நுழைந்தது என்றுதான் தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இணைப்பில்லா வழங்கலுக்கு முதலில் நம்பிக்கை 50 சதவீதம் என்றுதான் போட்டிருந்தேன். விடை பிடிக்காததால் 80 ஆக்கினேன். அப்படியும் அது மேலே வரவில்லை.

இதற்கு நடுவில் எங்கள் நிறுவனர், ஒரு பெரிய நிறுவனத்தின் நூலகம் "வாசகர்களே நூலை எடுத்துக்கொள்ளும் தானியங்கி நிலையத்தைச் செய்து கொடுத்தால் வாங்குகிறோம்" என்று சொன்னதாக வாரம் இருமுறை நினைவூட்டுகிறார். நிரலர்கள் மூவருக்கும் தேடல் பகுதியை அடியோடு திருத்தி எழுத ஆசை. ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்கான வசதியை ஒன்பது நூலகங்கள் கேட்டிருக்கின்றன. அந்தச் சரிபார்ப்பு இன்னும் ஐந்து மாதத்தில் தொடங்குகிறது. நீங்கள் என்றால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

ஓரக்குறிப்பு:

43 கோரிக்கைக்கும் எதிரே, கேட்டவர் பெயரையும் கேட்ட தேதியையும் எழுதிப் பாருங்கள். "வாடிக்கையாளர்கள்" என்று எழுதக் கூடாது. ஆளின் பெயர் வேண்டும். எங்கள் பட்டியலில் இதைச் செய்தபோது மூன்றில் ஒரு பங்கு உரியவர் யாரும் இல்லாமல் நின்றது. எல்லாம் எங்கள் கூட்டங்களில் நாங்களே பெற்று நாங்களே பெயர் சூட்டியவை.

தவிரவும், மென்பொருளில் இருக்கும் வசதிகளில் 45 சதவீதத்தை யாரும் தொடுவதே இல்லை என்று ஆய்வே இருக்கிறது. துணிந்து வெட்டுங்கள்.

அரைப்புள்ளி:

செய்து பார்த்தேன். கறுப்புத் திரைக்கு எதிரே ஒரே பெயர்: எங்கள் வடிவமைப்பாளர். பக்கத்து மேசைதான். 60 பேர் என்று நான் எழுதியது "60 பேர் கண்ணிலும் படும்" என்ற பொருளில். 60 பேர் கேட்டதாக அந்த எண் எப்போது உருமாறியது என்று எனக்கே தெரியவில்லை.

பழையகணக்கு:

முதலில் ஓரக்குறிப்புக்கு ஒரு வார்த்தை. அந்த 45 சதவீதம், மென்பொருள் திட்டங்களை ஆராயும் ஸ்டாண்டிஷ் குழுமத்தின் ஜிம் ஜான்சன் 2002-இல் ஒரு மாநாட்டு உரையில் காட்டிய எண். அதன் பின்னால் இருந்தவை நான்கே நான்கு மென்பொருள்கள், அதுவும் நிறுவனங்கள் தங்கள் உள்வேலைக்காகச் செய்துகொண்டவை. இருபது ஆண்டுக்கும் மேலாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறோம். இதே கருத்துக்கு உறுதியான சான்று வேண்டுமென்றால் மைக்ரோசாப்ட் வெளியிட்டதைச் சொல்லுங்கள்: வேர்ட் 2003-இல் ஒட்டு, சேமி, நகலெடு, செய்ததை நீக்கு, தடித்த எழுத்து ஆகிய ஐந்து கட்டளைகள் மட்டும் மொத்தப் பயன்பாட்டில் 32 சதவீதம். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. அடிக்கடி பயன்படாதது எல்லாம் தேவையற்றது ஆகிவிடாது. தீயணைப்புக் கருவியை யாரும் தினமும் எடுப்பதில்லை.

இப்போது அரைப்புள்ளிக்கு. நண்பரே, உங்கள் அட்டவணை பொய் சொல்லவில்லை. எத்தனை பேர் கண்ணில் படும், எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று கேட்டீர்கள். கறுப்புத் திரை என்று ஒழுங்காகப் பதில் சொன்னது. இது இல்லாவிட்டால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்க அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. "உதவி" என்ற கட்டத்தில் அதையும் சேர்த்துத் திணித்துவிடலாம் என்று நினைக்கிறோம். அங்கே உச்ச எண்ணே 3 தான். வேலை நின்றுபோவதும் வேலை கொஞ்சம் அழகாவதும் 3-க்கும் 0.5-க்கும் நடுவில் அடங்கிவிடுகின்றன. ஆறு மடங்கு வித்தியாசத்தைப் பத்து வார உழைப்பு ஒரே வகுத்தலில் விழுங்கிவிடுகிறது.

ஜப்பானியப் பேராசிரியர் நொரியாக்கி கானோவும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு வசதியைப் பற்றியும் இரண்டு முறை கேள் என்பது அவர்கள் வழி. இது இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இது இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? நாம் எல்லோரும் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். "இருந்தால் நன்றாக இருக்கும்" என்று எதைப் பற்றியும் மனிதர்கள் சொல்வார்கள்; கேட்கிறவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே சொல்வார்கள். இரண்டாம் கேள்வியில்தான் பிரிகிறது. இருந்தால் பாராட்டாமல், இல்லாவிட்டால் கொதிக்கிறார்கள் என்றால் அது கட்டாயம். இருந்தால் மகிழ்ந்து, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் அது ஈர்ப்பு. இரண்டுக்கும் தோளைக் குலுக்கினால் அது நமக்கு மட்டும் முக்கியமான பொருள். உங்கள் 43-இல் குறைந்தது பதினைந்து இந்தக் கடைசி வகையாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

என் கதை ஒன்று. சில ஆண்டுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் விரிவான அறிக்கைத் திரை கேட்டார். கேட்டதையெல்லாம் கொடுத்தோம்: 22 வடிகட்டிகள், தேதி வரம்பு, துறை வாரியாக, ஆள் வாரியாக. ஏழு வாரம் ஓடியது. வெளியிட்டு இரண்டு மாதம் கழித்துப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலை ஒன்பது மணியை ஒட்டி, ஒரே ஆள், ஒரே மாதிரி மூன்று வடிகட்டிகளைத் தட்டி, கோப்பாக இறக்கிக்கொண்டு போயிருந்தார். அவரை அழைத்துக் கேட்டேன். "பத்து மணிக்கு மேலாளர் கூட்டம், போன வாரம் எத்தனை என்று கேட்பார், அந்த எண்ணை எடுக்கிறேன்" என்றார். ஒரு எண். திங்கட்கிழமை காலை ஒரு மின்னஞ்சலாகப் போயிருக்க வேண்டியது. மீதி 19 வடிகட்டிகளை இன்றுவரை பராமரித்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் அவற்றில் ஒன்று உடைகிறது.

அடுத்து, அந்த 80 சதவீதம். ரான் கோகாவியும் அவருடைய குழுவினரும் மைக்ரோசாப்டில் நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளை, அதாவது ஒரு மாற்றத்தைச் சிலருக்கு மட்டும் காட்டி மற்றவர்களோடு ஒப்பிடும் சோதனைகளைப் பற்றி எழுதியது நினைவிருக்கிறதா? எந்த அளவீட்டை உயர்த்த வேண்டும் என்று ஒரு மாற்றத்தைச் செய்தார்களோ, அந்த அளவீடு உண்மையில் உயர்ந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாற்றங்களில்தான். அவ்வளவு தரவும் அவ்வளவு ஆட்களும் வைத்திருந்தவர்களுக்கே மூன்றில் ஒன்று. நமக்கு 80 சதவீதத்தை யார் கொடுத்தது? எண்ணை மாற்றியதற்காக வெட்கப்படாதீர்கள். விடை பிடிக்கவில்லை என்று உங்கள் மனம் சொன்னது, அந்த அட்டவணையில் இல்லாத ஏதோ ஒரு தகவலை வைத்துத்தான். அந்தத் தகவல் எது என்று கண்டுபிடியுங்கள்.

நான் ஒரே ஒரு கட்டத்தை அட்டவணையில் சேர்ப்பேன்: ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன இழப்பு? புதிய பொருள்களை உருவாக்கும் வேலையின் ஓட்டம் பற்றி எழுதிய டொனால்ட் ரைனர்ட்சன், ஒன்றை மட்டும்தான் அளக்க முடியும் என்றால் தாமதத்தின் விலையை அளந்துகொள் என்று ஓயாமல் சொல்லிவருகிறவர். இதற்கு அடியில் இருக்கும் கணக்கு இன்னும் பழையது. 1956-இல் ஸ்மித் என்பவர் தொழிற்சாலை வரிசைக்காக நிறுவியது: வாராந்தர இழப்பை வேலையின் நீளத்தால் வகுத்து, பெரிய விடை வருவதை முதலில் எடு. செய்து பாருங்கள். பத்து வார வேலை ஒன்று, காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் 3 பங்கு இழப்பு. ஒரு வார வேலை ஒன்று, வாரம் 1 பங்கு இழப்பு. பெரியதை முதலில் செய்தால் 30-உம் 11-உம் சேர்ந்து 41. சிறியதை முதலில் செய்தால் 1-உம் 33-உம் சேர்ந்து 34. ஆகவே சிறியதை முதலில் முடிப்பது லாபம் என்று நிரலர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, சிறியது காத்திருப்பதால் ஏதாவது இழப்பு இருக்கும் வரை. உங்கள் கறுப்புத் திரை பத்து வாரம் காத்திருந்தால் இழப்பு பூச்சியம். பூச்சியத்தை எதால் வகுத்தாலும் பூச்சியம்தான்.

இருப்புச் சரிபார்ப்பு வேறு சாதி. இன்னும் ஐந்து மாதத்துக்கு அதற்கு வாராந்தர இழப்பே கிடையாது. சரிபார்ப்பு தொடங்கும் நாளில் தயாராக இல்லையென்றால் மொத்தமும் இழப்பு. அதன்பின் ஓர் ஆண்டுக்கு அது யாருக்கும் வேண்டாம். இப்படிப்பட்டதை வரிசையில் வைக்காதீர்கள். நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணி, எந்த வாரம் தொடங்கியே ஆக வேண்டும் என்று குறித்துவிட்டு, அதுவரை தொடாமல் விடுங்கள்.

கையெழுத்து:

விற்பனையில் 11 ஆண்டு இருக்கிறேன். இந்த மாதிரி உரையாடல்களில் "பெரிய வாடிக்கையாளர் கேட்கிறார்" என்று சொல்பவரை உடனே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறீர்கள். அடுத்த ஆண்டுச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற கட்டத்தையும் பழையகணக்கு அட்டவணையில் சேர்த்திருக்கலாம்.

ஆனால் ஒன்று. "செய்து கொடுத்தால் வாங்குகிறோம்" என்பது மரியாதையாகச் சொல்லப்பட்ட "வேண்டாம்" ஆகவும் இருக்கலாம். நான் செய்வது இது: இந்தத் தேதிக்குள், இந்த வரையறையில் தருகிறோம், தந்தால் வாங்குவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, முன்பணமோ கையெழுத்தோ கேட்பேன். உண்மையில் வேண்டியவர் பேரம் பேசுவார், வரையறையைத் திருத்தச் சொல்வார், சட்டப் பிரிவுக்கு அனுப்புவார். வேண்டாதவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் உங்கள் நிரலர்கள் ஒரு வரிகூட எழுதும் முன் தெரிந்துவிடும்.

வழங்கல்மேசை:

தம்பி, நான் கணினிக்காரி இல்லை. நூலகத்தில் 22 ஆண்டு. நீங்கள் எல்லோரும் எண்களாகப் பேசுகிறீர்கள், இணைப்பு அறுந்தால் மேசையில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மாலை ஐந்து மணி. வரிசையில் பன்னிரண்டு பேர். திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. ஒரு நிமிடம் பார்ப்போம். பிறகு இழுப்பறையிலிருந்து நீள நோட்டை எடுப்போம். நூலின் பதிவு எண், உறுப்பினர் எண், தேதி. நூலின் உள்ளட்டையில் முத்திரை. பின்னால் நிற்பவருக்கு அவசரம், முன்னால் நிற்பவருக்கு உறுப்பினர் எண் நினைவில்லை. இணைப்பு வந்த பிறகு, பெரும்பாலும் மறுநாள் காலை, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக உள்ளிடுவோம். அதற்குள் அதே நூலை வேறொருவர் வீட்டிலிருந்து முன்பதிவு செய்திருப்பார். 7-ஐ 1 என்று படித்துவிட்டால் எடுக்காத ஒருவர் கணக்கில் நூல் ஏறும். மூன்று வாரம் கழித்து அவருக்குத் தாமதக் கட்டண அறிவிப்பு போகும். அவர் வந்து மேசையில் நின்று பேசுவதை நான்தான் கேட்க வேண்டும். நிரல் எழுதியவர் கேட்பதில்லை. போன ஆண்டு இப்படிக் கோபித்துக்கொண்டு உறுப்பினர் அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போன ஒரு பெரியவர், அதற்கு முன் முப்பது ஆண்டாக வாரம் தவறாமல் வந்தவர்.

இது உங்கள் கணக்கில் 3.84 என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

இன்னொன்று. இதை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் (உங்களுடையதா தெரியவில்லை) ஒரு நூலைத் திரும்பப் பெற்றதும் கர்சர் எங்கோ போய்விடும். அடுத்த நூலின் பட்டைக் குறியை வருடும் முன் சுட்டியைப் பிடித்து அந்தக் கட்டத்துக்குள் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 300 நூல் என்றால் 300 தட்டு. இடது கையில் நூல், வலது கையில் வருடி. அதைக் கீழே வைத்துவிட்டுச் சுட்டி. பிறகு மறுபடி வருடி. இதை ஒரு குறை என்று நான் எழுதிக் கொடுத்ததே இல்லை. இந்த வேலை என்றால் இப்படித்தான் என்று பழகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி "ஏன் அக்கா ஒவ்வொரு தடவையும் தட்டுகிறீர்கள்?" என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

நூலகப் படிப்பில் ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளைப் படிக்காமல் யாரும் தேற முடியாது. நான்காவது விதி: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. கறுப்புத் திரை எத்தனை நிமிடத்தை மிச்சப்படுத்தும் என்று உங்கள் வடிவமைப்பாளரைக் கேளுங்கள்.

முடிவிலாவட்டம்:

நிரலர் தரப்பிலிருந்து. அந்தப் பத்து வாரம் எங்கிருந்து வந்தது? "இணைப்பில்லா வழங்கல்" என்ற சொல்லைக் கேட்டதும் முழு மென்பொருளும் இணைப்பில்லாமல் ஓட வேண்டும் என்று உங்கள் நிரலர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தேடல், கட்டணம், உறுப்பினர் சேர்க்கை, எல்லாம். மேலே அந்த அம்மா சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். அவர் கேட்பது அந்த நீள நோட்டின் வேலையைச் செய்யும் ஒன்று, அவ்வளவுதான்.

இரண்டு எண்களையும் நேரத்தையும் கணினியிலேயே வரிசையாகச் சேமியுங்கள். இணைப்பு வந்ததும் அதே வரிசையில் ஏற்றுங்கள். முரண்பாடு வந்தால் தானாக முடிவெடுக்காமல் ஊழியரிடம் பட்டியலாகக் காட்டுங்கள். எண்ணை வருடியில் எடுப்பதால் 7-க்கும் 1-க்கும் சண்டை வராது. திறமூல மென்பொருளான கோஹாவிலும் இணைப்பில்லா வழங்கல் இந்தப் போக்கில்தான்: வழங்கலையும் திரும்பப் பெறலையும் தனியே பதிந்துவைத்து, பிறகு ஏற்றிக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டிலிருந்து நூலகங்களில் ஓடுகிற மென்பொருள் அது. அவர்கள் எதைச் சேர்க்காமல் விட்டார்கள் என்று பார்ப்பதே உங்களுக்குப் பாதி வடிவமைப்பு. என் கணிப்பு மூன்று வாரம். நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், நிரலர் சொல்லும் கணிப்புத்தானே.

2007-இல் வந்த முதல் ஐபோனில் நகலெடுத்து ஒட்டும் வசதியே இல்லை; 2009-இல்தான் வந்தது. "குறைவாகச் செய், நிறைவாகச் செய்" என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. வசதியை விட்டுவிட்டதால் செத்துப்போன கருவிகளின் கதையை யாரும் சொல்வதில்லை. ஆனாலும் ஒரு வசதிக்குள்ளேயே எதை விடுவது என்று கேட்பது, 43-இல் எதை விடுவது என்று கேட்பதைவிடப் பயன் தரும். பத்து வாரம் மூன்றாகிவிட்டால் உங்கள் அட்டவணையின் 3.84 அப்படியே 12.8 ஆகிறது.

தேடலைத் திருத்தி எழுதும் ஆசையைப் பற்றி: அவர்களிடம் எந்தக் கோப்பைத் தொடும்போது கை நடுங்குகிறது என்று கேளுங்கள். அடுத்து எடுக்கும் வேலை அந்தக் கோப்பைத் தொடுமானால் அப்போது திருத்தலாம். தொடாதென்றால் அது ஆசைதான்.

அரைப்புள்ளி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

இணைப்பு அறுகிற நான்கு நூலகங்களையும் அழைத்தேன். இல்லாவிட்டால் என்ன செய்கிறீர்கள் என்று இரண்டாம் கேள்வியையும் கேட்டேன். மூன்றில் நோட்டு இருக்கிறது. நான்காவதில், இணைப்பு இல்லாத நேரத்தில் நூல் வழங்குவதையே நிறுத்திவிட்டார்கள். கதவில் அறிவிப்பு ஒட்டிவிடுகிறார்கள். நான் நான்கு நூலகம் என்று எண்ணியதும் தவறு. மற்ற பத்தில் மூன்று இடங்களிலும் இதே சிக்கல் இருக்கிறது, எங்களிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இணையம் உங்கள் வேலை இல்லையே" என்றார் ஒருவர்.

கர்சர் எங்கள் மென்பொருளிலும் ஓடிப்போய்க்கொண்டுதான் இருந்தது. திருத்த அரை நாள் ஆனது. வெளியிட்ட மறுநாள் ஒரு நூலகத்திலிருந்து தொலைபேசி. குறை சொல்லத்தான் அழைக்கிறார்கள் என்று பயந்துகொண்டே எடுத்தேன். "ஏதோ மாற்றியிருக்கிறீர்கள், என்னவென்று தெரியவில்லை, வரிசை சீக்கிரம் நகர்கிறது" என்றார்கள். 43-இல் இது கிடையாது. 44-ஆவதாக எழுதி அன்றைக்கே அடித்துவிட்டேன்.

தானியங்கி நிலையத்துக்கு ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்பினோம். பதினெட்டு நாளாகிறது. அவர்கள் தொலைபேசியை எடுக்கிறார்கள், ஆனால் குழுவின் ஒப்புதலுக்கு வைத்திருப்பதாக மட்டும் சொல்கிறார்கள். கையெழுத்து ஐயா, இது எந்த வகையில் சேரும்? எங்கள் நிறுவனர் இன்னும் நம்பிக்கையோடு இருக்கிறார். அவரோடு நான் சண்டை போடவில்லை. இருப்புச் சரிபார்ப்பை எட்டாம் வாரத்தில் தொடங்கியாக வேண்டும் என்று நாட்காட்டியில் சிவப்பில் குறித்து அவர் அறைச் சுவரில் மாட்டிவிட்டேன். அதற்கு முன்னால் இடம் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். நாட்காட்டியை நெடுநேரம் பார்த்தார்.

இணைப்பில்லா வழங்கலின் சிறு வடிவம் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று வாரம் முடிந்துவிட்டது, வேலை முடியவில்லை. முடிவிலாவட்டம் சொன்ன நான்காம் வாரத்தில் இருக்கிறோம். ஒரே நூலை இரண்டு மேசைகள் இணைப்பில்லாமல் வழங்கினால் எது முதல் என்பதில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஆறு நிமிடம் முன்பின்னாக இருந்தது.

கறுப்புத் திரை பட்டியலில் இருக்கிறது. வடிவமைப்பாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கையெழுத்து:

"குழுவின் ஒப்புதல்" என்றால், அந்தக் குழு எந்தத் தேதியில் கூடுகிறது என்று கேளுங்கள். தேதி சொன்னால் உயிர் இருக்கிறது.

வழங்கல்மேசை:

தம்பி, அந்தக் கதவில் அறிவிப்பு ஒட்டும் நூலகத்தின் வேலையை முதலில் முடித்துக் கொடுங்கள். கடிகாரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே நூலை இரண்டு மேசையில் வழங்க முடியாது, நூல் ஒன்றுதானே இருக்கிறது.

முடிவிலாவட்டம்:

அம்மா சொல்வது சரி. ஒரே நூலுக்கு இரண்டு வழங்கல் பதிவு வந்தால் நடுவில் ஒரு திரும்பப் பெறல் இருந்தே ஆக வேண்டும். அதைத் தேடுங்கள், கடிகாரத்தை விடுங்கள்.

அரைப்புள்ளி:

இரண்டு நாளாக மூன்று பேர் இதில் உட்கார்ந்திருந்தோம். அம்மா, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எது என்று தனிமடலில் சொல்ல முடியுமா?

வழங்கல்மேசை:

சொல்கிறேன். உங்களுடையதாக இருக்க முடியாது. இன்று காலையிலும் 300 தடவை தட்டினேன்.